'என்ன' என்றால் 'வாங்க': கொழும்பில் மொழிகளுக்கு நடுவே வாழ்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வெள்ளவத்தையில் சனி, ஞாயிறு காலையில் தமிழருக்குப் பேச்சுச் சிங்களமும் மாலையில் சிங்களவருக்குப் பேச்சுத் தமிழும் பதினான்கு வருடங்களாகச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். இலக்கணச் சந்தேகங்கள் வகுப்பிலேயே தீர்ந்துவிடும். வகுப்பு முடிந்து, வாசலில் செருப்பைப் போடும்போது கேட்கிற கேள்விகள் வேறு மாதிரி. "அந்த மிஸ் ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனா?" "நான் சொன்னதில் என்ன பிழை?" இப்படித் திரும்பத் திரும்ப வந்தவற்றை என் பதில்களோடு எழுதி வைக்கிறேன். சிங்களச் சொற்களைக் காதில் விழுகிற மாதிரியே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன்.

சிங்களச் சொற்களைப் பாடமாக்கினால் போதாதா? பண்பாடு என்று ஏன் அதைப் பெரிதாக்க வேண்டும்?

சொற்கள் கட்டாயம் வேண்டும். அவை இல்லாமல் ஒன்றும் நடக்காது. ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து மகளைப் பார்க்க வந்த ஒரு அம்மாவுக்கு நடந்ததைக் கேளுங்கள். மகளோடு ஓர் அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். மகள் கீழே ஓட்டோவுக்குக் காசு கொடுத்துக்கொண்டு நிற்க, அம்மா முதலில் படியேறிவிட்டார். கதவடியில் நின்ற காவலாளி, "என்ன அம்மே, என்ன" என்றார். அம்மா நின்றுவிட்டார். அவர் இன்னும் கொஞ்சம் சத்தமாக, கையையும் ஆட்டி, "என்ன, என்ன" என்றார். அம்மா ஒரு படி பின்னுக்குப் போய், "நான் ஒண்டும் செய்யேல்லைத் தம்பி" என்றாராம்.

சிங்களத்தில் 'என்ன' என்றால் 'வாங்க'. மரியாதையான சொல். அந்த மனிதர் அன்பாக உள்ளே கூப்பிட்டிருக்கிறார். அம்மாவின் காதில் அது 'உனக்கு என்ன வேணும்' என்ற அதட்டலாக விழுந்தது. காது முதலில் தன் சொந்த மொழியைத்தான் கேட்கிறது. அதோடு, கொழும்பில் சீருடை போட்ட ஒருவர் தன்னை எப்படி நடத்துவார் என்ற எதிர்பார்ப்பும் அந்த அம்மாவுக்கு முன்பே இருந்தது. ஒலி பாதியைச் செய்தது, அந்தப் பழைய பயம் மீதியைச் செய்தது. சொற்பட்டியலை எவ்வளவு பாடமாக்கினாலும் அந்த மீதிப் பாதி அப்படியே இருக்கும்.

இப்படி ஒரே ஒலியில் வேறு பொருள் தருகிற சொற்கள் வேறு எவை?

முதலில் 'தாத்தா'. கொழும்பில் ஒரே மாடிக் கட்டடத்தில் மூன்று வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். மலையகத் தமிழ் வீட்டில் தாத்தா என்றால் அப்பாவின் அப்பா, அல்லது அம்மாவின் அப்பா. சிங்கள வீட்டில் தாத்தா என்றால் அப்பா. முஸ்லிம் வீட்டில் அது அக்கா. மூன்று பிள்ளைகள் படிக்கட்டில் விளையாடும்போது "தாத்தா வந்துட்டாங்க" என்று ஒருத்தி சொன்னால் மற்ற இருவர் மனதிலும் வேறு ஆள் வந்து நிற்பார்.

'ஐயா' அடுத்தது. சிங்களத்தில் அது அண்ணா. கடைக்காரப் பையனை ஒரு சிங்களப் பெண் 'ஐயா' என்றால் அளவுக்கு மீறிய பணிவு என்று எண்ண வேண்டாம். அவள் அண்ணா என்கிறாள். 'மல்லி' என்று பஸ்ஸில் யாராவது கூப்பிட்டால் தம்பி என்று பொருள், கொத்தமல்லிக்கும் மல்லிகைக்கும் சம்பந்தமில்லை. 'மம' என்று குறுக்கிச் சொன்னால் 'நான்', 'மாமா' என்று நீட்டினால் நமக்குத் தெரிந்த மாமாதான். 'பொடி' என்றால் சின்ன. 'எளிய' என்றால் வெளிச்சம், வெளியே என்றும் வரும்.

அதே நேரம் அக்கா, அம்மா, ஆச்சி எல்லாம் இரண்டு மொழிக்கும் பொது. கடை 'கடே' ஆகவும், பாலம் 'பாலம' ஆகவும், உதவி 'உதவ்வ' ஆகவும், கூலி 'குலிய' ஆகவும் சிங்களத்தில் இருக்கின்றன. போர்த்துக்கேயர் விட்டுப்போன மேசை, அலுமாரி, பாண் ஆகியவையும் ஒல்லாந்தரின் கந்தோரும் (அலுவலகம்) இரு வீட்டிலும் குடியிருக்கின்றன. முற்றிலும் அந்நியமான சொல் வந்தால் நாம் நின்று கேட்போம். தெரிந்த சொல் மாதிரி இருந்தால் கேட்காமலே போய்விடுகிறோம், பிழை அங்கேதான் நடக்கிறது.

'நீங்க' என்பதற்குச் சிங்களத்தில் என்ன சொல்வது?

வகுப்பில் நான் அதிக நேரம் செலவழிக்கிற கேள்வி இது. ஏனென்றால் நேரான பதில் கிடையாது.

தமிழில் 'நீங்க' என்று ஒரு சொல் இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்பது சிங்களம் படிக்கும்போதுதான் தெரியும். மீன்காரரிலிருந்து நீதிபதி வரை யாரையும் 'நீங்க' என்று சொல்லித் தப்பிக்கலாம். சிங்களத்தில் அப்படி எல்லாருக்கும் பொருந்துகிற ஒரு சொல் இல்லை. 'ஒயா' என்பது நண்பர், கூட வேலை செய்பவர், இளையவர் ஆகியோருக்குச் சரி. வயதில் மூத்தவரிடமோ மேலதிகாரியிடமோ சொன்னால் மட்டுத்தட்டுவது போலக் கேட்கும். புத்தகத்தில் உள்ள 'ஒப' பேச்சில் விளம்பரத்தையோ மேடைப் பேச்சையோ நினைவூட்டும். 'உம்ப' மிக நெருங்கிய கூட்டாளிகளுக்குள் ஓடும், வெளியாளிடம் சொன்னால் சண்டைக்கு அழைப்பு. 'தோ' பக்கமே போகாதீர்கள்.

அப்படியானால் அவர்கள் என்ன செய்கிறார்கள்? பெரும்பாலும் 'நீங்க' என்ற இடத்தையே காலியாக விடுகிறார்கள், அல்லது உறவுமுறையையோ பதவியையோ அங்கே வைக்கிறார்கள். "சேர் தே பொனவத?" என்றால் "சேர் தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" "அக்கா கொஹெத யன்னே?" என்றால் "அக்கா எங்க போறீங்க?" என் மாணவர்கள் செய்கிற பிழை, 'நீங்க' வருகிற ஒவ்வொரு இடத்திலும் 'ஒயா' போடுவது. தமிழில் மரியாதையாக நினைத்து, சிங்களத்தில் மரியாதைக் குறைவாகச் சொல்லி முடிக்கிறார்கள். எதிரில் இருப்பவர் முகம் சுருங்குகிறது. இவர்களோ இனத்தைக் காரணமாக நினைத்துக்கொண்டு வீடு வருகிறார்கள்.

ஒரு சிங்கள உத்தியோகத்தர் என் அம்மாவை 'நீ' என்றார். எனக்குக் கோபம் வந்தது. நான் பிழையா?

கோபம் வருவது நியாயம். ஆனால் ஒரு விஷயம் தெரிந்திருந்தால் நல்லது. பேச்சுச் சிங்களத்தில் வினைச்சொல் ஆளுக்கேற்ப மாறாது. வந்தேன், வந்தாய், வந்தான், வந்தார், வந்தது எல்லாவற்றுக்கும் 'ஆவா' ஒன்றே போதும். அந்த மொழியில் வளர்ந்தவர் தமிழ் பேச முயலும்போது 'வந்தான், வந்தார், வந்தாங்க' என்ற ஏணியைப் பார்த்துத் திணறுவார். பிடிபடுவது எதுவோ அதைச் சொல்லிவிடுவார். என் மாலை வகுப்பில் ஒரு மாணவி தன் பாட்டியைப் பற்றி மிகுந்த பாசத்தோடு, "ஆச்சி நேத்து வந்தான்" என்று சொல்லியிருக்கிறார்.

ஆகவே முகத்தையும் சூழலையும் சேர்த்துப் பாருங்கள். தட்டித்தடுமாறித் தமிழில் 'நீ' என்பவர் உங்களுக்காக முயற்சி எடுக்கிறார். சரளமாகத் தமிழ் பேசத் தெரிந்தும் 'நீ' என்பவரிடம் தயங்காமல் 'நீங்க என்று சொல்லுங்க' என்று கேட்கலாம்.

நம் பக்கமும் ஒன்று இருக்கிறது. 'சிங்களவர்' என்பதற்கும் 'சிங்களவன்' என்பதற்கும் கடைசி எழுத்து ஒன்றுதான் வித்தியாசம். வீட்டில் பிள்ளைகள் முன்னால் எந்த எழுத்தோடு சொல்கிறோம் என்பதை அவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். தமிழ் தெரிந்த சிங்களவர்களும் அதைக் கேட்கிறார்கள்.

தமிழருக்குள்ளேயே ஏன் இவ்வளவு குழப்பம்? எல்லாரும் பேசுவது தமிழ்தானே?

எனக்கு மிகவும் நெருங்கிய கேள்வி. நான் யாழ்ப்பாணம், என் மாமியார் அட்டன் பக்கம். கலியாணம் முடித்த முதல் மாதம் அவர் தொலைபேசியில் யாரிடமோ, "மருமக நேத்து என்கிட்ட ரொம்ப நேரம் பேசுனா" என்று சந்தோசமாகச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் பேசுவது என்றால் ஏசுவது. சாதாரணமாகப் பேசுவதற்குக் 'கதைக்கிறது' என்போம். நான் எப்போது அவரை ஏசினேன் என்று இரவு முழுக்க யோசித்தேன்.

சில வாரம் கழித்து மறுபக்கமும் நடந்தது. நான், "அப்பாவுக்கு வருத்தம்" என்றேன். அவருக்குச் சுகமில்லை என்ற பொருளில்தான். மாமியார் பதறிப்போய், "ஏன், நாங்க என்ன குறை வச்சோம், அவருக்கு என்ன மனவருத்தம்?" என்று கேட்டார். காய்ச்சல் என்று விளங்கவைக்க ஐந்து நிமிடம் ஆனது.

'நீர்' என்பதும் அப்படித்தான். யாழ்ப்பாணத்தில் நீக்கும் நீங்களுக்கும் நடுவே அன்பான ஒரு இடம் அது. கணவன் மனைவி, சம வயதினர், ஆசிரியர் மாணவர் நடுவே இயல்பாக ஓடும். மற்ற இடத்துக்காரருக்கு அது நாடக வசனம் போலவோ அதிகாரம் போலவோ கேட்கும். முஸ்லிம் நண்பர் 'ஈக்கி' என்றால் இருக்கு என்று பொருள். மட்டக்களப்பார், மன்னார்க்காரர், தலைமுறைகளாகக் கொழும்பிலேயே இருப்பவர் என்று ஒவ்வொருவரும் ஒரு தமிழ் கொண்டுவந்திருக்கிறார்கள். கொட்டாஞ்சேனையில் ஒரு தெருவில் நடந்தாலே அத்தனையும் கேட்கலாம்.

ஒருவர் தமிழைத் 'தோட்டத் தமிழ்' என்று சொல்லிச் சிரிப்பதைக் கொழும்பில் இன்னும் கேட்கிறேன். அது எனக்குப் பொறுக்காது. அந்தச் சிரிப்புக்குப் பயந்து வகுப்பில் வாயே திறக்காமல் இருந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

பேசுகிற மொழி நம் சிந்தனையையே மாற்றும் என்கிறார்களே, உண்மையா?

மொழி ஒரு சிறைச்சாலை, அதற்கு வெளியே யோசிக்கவே முடியாது என்று சொன்னால் அது மிகை. எட்வர்ட் சபீர், பெஞ்சமின் வோர்ஃப் ஆகிய அமெரிக்க மொழியியலாளர்களின் பெயரோடு சேர்த்து அந்தக் கருத்தைச் சொல்வார்கள். அவ்வளவு கடுமையான வடிவத்தில் இன்று ஏற்பவர்கள் மிகக் குறைவு. ஆனால் மொழி எதைக் கவனிக்கப் பழக்குகிறது என்பதில் நிறைய உண்மை இருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் வட குவீன்ஸ்லாந்தில் கூகு யிமிதிர் என்ற மொழி பேசுபவர்கள் இருக்கிறார்கள். கங்காரு என்ற சொல் 1770இல் கப்டன் குக்கின் கப்பல் அங்கே கரைதட்டி நின்றபோது இந்த மொழியிலிருந்துதான் ஆங்கிலத்துக்குப் போனது. அவர்கள் இடம் வலம் என்று சொல்வதற்குப் பதிலாக வடக்கு, கிழக்கு என்று திசையால் சொல்வார்கள், பக்கத்தில் இருக்கிற சின்னப் பொருளுக்கும்கூட. அப்படிப் பேச வேண்டும் என்றால் எந்த நேரமும் திசை மனதில் இருக்க வேண்டும், இருக்கிறது. வெள்ளவத்தைக்காரருக்கு இது கொஞ்சம் விளங்கும். காலி வீதியில் யாராவது முகவரி கேட்டால் நாம் முதலில் கேட்பது "கடல் பக்கமா, லாண்ட் சைட்டா?" என்பதுதானே.

நம் வீட்டுக்கு இன்னும் நெருங்கிய உதாரணம் 'நாம்', 'நாங்கள்'. நாம் என்றால் கேட்பவரும் சேர்த்தி, நாங்கள் என்றால் அவரை விட்டு. சிங்களத்தில் இரண்டுக்கும் 'அபி' ஒன்றுதான். ஒரு சிங்கள நண்பர் தமிழில் "நாங்க நாளைக்குப் போறோம்" என்று சொன்னால், எழுத்துத் தமிழ் காது உள்ளவர் தன்னைக் கூப்பிடவில்லை என்று நினைக்கக்கூடும். அவர் உங்களையும் சேர்த்தே சொல்லியிருப்பார். யாழ்ப்பாணப் பேச்சிலும் 'நாம்' அரிதாகிவிட்டது, 'நாங்கள்' என்றே எல்லாவற்றுக்கும் சொல்வோம். மலையகத்தில் 'நம்ம' உயிரோடு இருக்கிறது. என் மாமியார் முதன்முறை "நம்ம வீடு" என்று என்னிடம் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இனி கோப்பை உடைந்த கதை. சிங்களத்தில் தெரியாமல் நடந்ததற்கு வினைச்சொல்லே வேறு. "மகே அத்தின் பிந்துணா" என்றால் என் கையால் உடைந்துவிட்டது, வேண்டுமென்று செய்யவில்லை. தமிழிலும் 'கைதவறி உடைஞ்சு போச்சு' என்போம். ஆங்கிலம் மட்டும் தெரிந்த முதலாளி 'நான் உடைத்தேன்' என்ற வசனத்தை எதிர்பார்த்திருப்பார். 'உடைஞ்சு போச்சு' அவருக்குப் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகப் படும். கெய்ட்லின் ஃபோசி, லேரா பொரோடிட்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் 2011இல் ஆங்கிலம் பேசுபவர்களையும் ஸ்பானிய மொழி பேசுபவர்களையும் வைத்து இதைச் சோதித்தார்கள். வேண்டுமென்று செய்த செயல்களில் செய்த ஆளை இரு சாராரும் ஒரே அளவு ஞாபகம் வைத்திருந்தார்கள். தற்செயலாக நடந்தவற்றில் ஸ்பானிய மொழி பேசுபவர்கள் ஆளைக் குறைவாகவே குறிப்பிட்டார்கள், ஆளைப் பற்றிய ஞாபகமும் குறைவாக இருந்தது. வீட்டுவேலைக்கோ ஹோட்டல் வேலைக்கோ போகிற பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லிக்கொடுக்கிறேன். வெளிநாட்டவரிடம் முதலில் 'நான்' என்று தொடங்குங்கள், காரணத்தைப் பிறகு சொல்லுங்கள்.

'பார்ப்போம்' என்றால் ஓமா, இல்லையா?

பெரும்பாலும் இல்லை. சிங்களத்தில் 'பலமு' என்பதும் அதேதான். முகத்துக்கு நேரே 'முடியாது' என்று சொல்லி ஒருவரைச் சின்னப்படுத்தக் கூடாது என்ற எண்ணம் இரண்டு பக்கமும் இருக்கிறது. அதனால் தமிழருக்கும் சிங்களவருக்கும் நடுவே இதில் பிரச்சினை குறைவு. வெளிநாட்டு நிறுவனங்களோடு வேலை செய்கிற பிள்ளைகள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். "வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா?" என்று வீடியோ அழைப்பில் கேட்பவரிடம் "முயற்சி செய்கிறேன்" என்று தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால், தலையாட்டல் அவருக்கு 'இல்லை' என்றும் சொல் 'ஓம்' என்றும் போய்ச்சேரும்.

அமெரிக்க மானிடவியலாளர் எட்வர்ட் ஹோல் 1976இல் இதற்கு ஒரு வகைப்பாடு தந்தார். சில சமூகங்களில் செய்தியின் பெரும்பகுதி சொற்களில் இருக்கும், சிலவற்றில் அது சூழலிலும் உறவிலும் மௌனத்திலும் இருக்கும் என்றார். பயனுள்ள பார்வைதான். ஆனால் முழு நாடுகளை அந்த இரண்டு பெட்டிகளில் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. புறக்கோட்டையில் மொத்த வியாபாரி விலை சொல்லும்போது பாருங்கள், அதைவிட நேரான பேச்சு எங்கேயும் கிடையாது. அதே மனிதர் மகளின் சம்பந்தம் பேசும்போது ஒரு சொல்லையும் நேராகச் சொல்லமாட்டார்.

அவர்கள் சாதாரணமாகப் பேசுவதே சண்டை போடுவது மாதிரி இருக்கிறதே?

அவர்களும் நம்மைப் பற்றி அதையே சொல்கிறார்கள். சொல்லின் ராகத்தை நாம் பிறந்த மொழியிலிருந்து எடுத்துக்கொண்டு வருகிறோம். ஜோன் கம்பர்ஸ் என்ற மொழியியலாளர் பிரித்தானிய விமான நிலையம் ஒன்றின் ஊழியர் உணவகத்தில் நடந்ததை எழுதியிருக்கிறார். அங்கே புதிதாகச் சேர்ந்த இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் முரட்டுத்தனமானவர்கள் என்று முறைப்பாடு. பார்த்தால் விஷயம் ஒரே ஒரு சொல். இறைச்சிக்கு மேலே ஊற்றும் கிரேவி வேண்டுமா என்று கேட்க ஆங்கிலப் பெண்கள் "கிரேவி?" என்று ராகத்தை ஏற்றுவார்கள். இந்தப் பெண்கள் இறக்கி "கிரேவி" என்றார்கள். அவர்கள் மொழியில் அதுதான் வழக்கமான கேள்வி. கேட்டவர்களுக்கு 'இந்தா, எடு' என்பது போல இருந்தது. இரு தரப்பும் ஒலிப்பதிவைக் கேட்டபிறகுதான் விளங்கியது.

வழியில் கண்டால் 'எங்க போறீங்க' என்று கேட்கலாமா?

சிங்களத்தில் 'கொஹெத யன்னே' ஒரு வணக்கம் மாதிரி. பதில்கூடத் தேவையில்லை, 'சும்மா' என்றால் போதும். தமிழ் வீட்டுப் பெரியவர்களுக்கோ வெளிக்கிடும்போது 'எங்கே' என்று கேட்பது அபசகுனம். 'தூரமோ?' என்று கேட்பதுதான் முறை. பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா அன்பாகக் கேட்க, நம் அம்மா திரும்பி உள்ளே வந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி வெளிக்கிடுவார். அந்த அக்காவுக்கு ஒன்றும் விளங்காது.

விடைபெறும்போது மட்டும் இரண்டு மொழியும் ஒரே மனம். நாம் 'போயிட்டு வாறன்' என்போம், அவர்கள் 'கிஹின் என்னம்' என்பார்கள். போய்விட்டு வருகிறேன், அதே சொல்லடுக்கு.

பக்கத்து வீட்டில் மரணம். எப்படிப் போவது?

போங்கள், அதுதான் முதல் பதில். மொழி தெரியாது என்று போகாமல் இருப்பவர்களைத்தான் வருடக்கணக்கில் ஞாபகம் வைத்திருப்பார்கள்.

சிங்கள பௌத்த வீட்டில் உடலைப் பதப்படுத்திச் சில நாள் வைத்திருப்பது வழக்கம். வெள்ளைக் கொடி கட்டியிருக்கும், இரவிலும் ஆட்கள் இருப்பார்கள். வெள்ளையோ மங்கலான நிறமோ உடுத்திப் போய் ஒரு பக்கமாக உட்கார்ந்தால் போதும், பேச வேண்டும் என்று இல்லை. ஏழாம் நாள் தானத்துக்கு அழைத்தால் அது பெரிய மரியாதை. முஸ்லிம் வீட்டில் பெரும்பாலும் அன்றே அடக்கம் முடிந்துவிடும், ஆகவே கேள்விப்பட்டவுடன் போக வேண்டும். நம் சைவ வீடுகளில் செத்த வீட்டிலிருந்து 'போயிட்டு வாறன்' சொல்லாமல் எழும்பிப் போவோம். ஒரு சிங்கள நண்பர் என் பெரியப்பாவின் மரணத்துக்கு வந்து, எல்லாரிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டு போனார். பெரியம்மா ஒரு நொடி திகைத்தார். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

பேசாமல் எல்லாரும் ஆங்கிலத்தில் பேசிவிட்டால் சமமாகிவிடாதா?

அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்கிறது. சில அலுவலகங்களில் அது உண்மையிலேயே இணைக்கிறது. ஆனால் சிங்கள இளைஞர்கள் ஆங்கிலத்துக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் 'கடுவ', வாள். வெட்டிக் காட்டுகிற ஆயுதம் என்று பொருள். கடையில் நிற்கும் பையனிடம் நீங்கள் ஆங்கிலத்தில் தொடங்கினால், நீங்கள் நடுநிலை என்று நினைப்பது அவனுக்கு உயரம் காட்டுவதாகப் படலாம். இரண்டு சொல் அரைகுறைச் சிங்களம் அதைவிட நல்லது.

அம்மா பஸ்ஸில் தொலைபேசியை எடுக்கவே மாட்டேன் என்கிறார். தமிழில் பேசப் பயமாம். இந்தக் காலத்திலும் ஏன்?

ஏனென்றால் அவருக்கு 1983 ஜூலை தெரியும். அந்த நாட்களில் வழிமறித்தவர்கள் ஆளைத் தமிழர் என்று கண்டுபிடிக்க, வாளிக்கான சிங்களச் சொல்லான 'பால்திய' (baldiya) என்பதைச் சொல்லச் சொன்னார்கள் என்று தப்பியவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். முதல் எழுத்தைத் தமிழ் நாக்கு எப்படி உச்சரிக்கிறது என்பதைப் பார்த்தார்கள். அதிலிருந்து உயிர் தப்பிய ஒருவருக்கு ஓர் எழுத்தின் ஒலி வெறும் ஒலியாக இருக்காது. போர் முடியும்வரை சோதனைச் சாவடிகளில் நின்றவர்களுக்கும் அப்படித்தான்.

மொழியும் பண்பாடும் பற்றிப் பேசுகிற பலர் இதைத் தொடுவதே இல்லை. இரண்டு பேர் சமமாக நின்று ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ளவில்லை என்பது போலவே எழுதுவார்கள். இலங்கையில் ஒருவருடைய மொழி 1956இல் சட்டத்தால் தனி அரச கரும மொழியானது, மற்றவர் தன் மொழியைத் தணித்துப் பேசக் கற்றுக்கொண்டார். ஆகவே அம்மாவை அவசரப்படுத்தாதீர்கள். அவர் பஸ்ஸில் இருக்கும் நேரம் தெரிந்தால் அப்போது எடுக்காதீர்கள். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது வழமையான குரலில் தமிழில் கதையுங்கள்.

அலுவலகத்தில் படிவம் சிங்களத்தில் மட்டும் இருக்கிறது. தமிழில் கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா?

இருக்கிறது. தமிழும் அரச கரும மொழி என்று 13ஆவது திருத்தம் சொல்கிறது. சிங்களத்தில் நிருவாகம் நடக்கிற பகுதியிலும் அரச அலுவலரோடு தமிழில் அலுவல் பார்க்கவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை இடம் தருகிறது. மீறினால் 1991இல் உருவான அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். 2007 ஜூலைக்குப் பிறகு அரச சேவையில் சேர்ந்தவர்கள் மற்ற மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்று சுற்றறிக்கையும் இருக்கிறது. என் மாலை வகுப்புக்கு வருபவர்களில் பலர் அதற்காகத்தான் வருகிறார்கள். தயங்காமல் கேளுங்கள். நீங்கள் சிங்களம் சரளமாகப் பேசுபவராக இருந்தாலும் கேளுங்கள், உங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

தொலைபேசியில் மொழிபெயர்க்கும் செயலி இருக்கிறதே?

விலை கேட்க, வழி கேட்கப் பயன்படுத்துங்கள். கடிதத்துக்கும் பலகைக்கும் தமிழ் தெரிந்த ஒருவர் ஒருதடவை பார்க்க வேண்டும். பஸ் இருக்கைக்கு மேலே 'கர்ப்பிணித் தாய்மார்' என்று வரவேண்டிய இடத்தில் 'நாய்மார்' என்று எழுதியிருந்த படம் எல்லாரும் பார்த்ததுதான். த, ந ஓரெழுத்துப் பிழை. சிரித்துவிட்டுப் போனவர்கள் உண்டு, எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆஸ்பத்திரிக்கு மொழிபெயர்க்க என் பத்து வயது மகளைக் கூட்டிப்போகலாமா? அவள் சிங்களம் நன்றாகப் பேசுவாள்.

சின்னக் காய்ச்சலுக்குப் பரவாயில்லை. அதற்கு மேல் வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்பேன். அம்மம்மாவுக்கு நெஞ்சு 'நோகுது', 'குத்துது', 'எரியுது', 'உளையுது' என்று நான்கு விதமாக இருக்கும். பிள்ளைக்குத் தெரிந்தது 'ரிதெனவா' என்ற ஒரே சொல், வலிக்குது. டொக்டருக்கு வேண்டிய வித்தியாசம் அங்கேயே தொலைந்துபோகும். எதிர்த்திசையிலும் அப்படித்தான். நோயாளிக்கு 'அமாருய்' என்று டொக்டர் சொன்னால் நிலைமை கடுமை என்று பொருள். பிள்ளைக்குத் தெரிந்த 'அமாருய்' பள்ளிக்கூடக் கணக்குக் கஷ்டம் என்பதற்குச் சொல்வது. "கொஞ்சம் கஷ்டமாம்" என்று சொல்லிவிடும். பயமான செய்தியாக இருந்தால் பிள்ளை தானே அதைக் குறைத்தும் சொல்லும், அம்மம்மா அழக்கூடாது என்பதற்காக. அந்தப் பாரத்தைப் பத்து வயதில் சுமக்க விடாதீர்கள்.

வளர்ந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள். 'விளங்கிச்சா?' என்று மட்டும் கேட்டு விடாதீர்கள், நம் ஆட்கள் மரியாதைக்காக ஓம் என்றே சொல்வார்கள். 'வீட்டுக்குப் போய் இந்தக் குளிசையை எப்படிக் குடிப்பீங்க?' என்று கேளுங்கள். அவர் தன் வாயால் சொல்லும்போது தெரிந்துவிடும்.

உங்கள் வகுப்பில் முதல் நாள் எதைச் சொல்லிக்கொடுப்பீர்கள்?

வணக்கம், பெயர் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வசனம். "மட்ட தேருணே நே, ஆயெத் கியன்ன." எனக்கு விளங்கேல்லை, திரும்பச் சொல்லுங்க. மாலை வகுப்பில் அதையே தமிழில் சொல்லிக்கொடுக்கிறேன். இரண்டு மொழியிலும் அந்த வசனத்தின் அமைப்பு ஒன்றுதான். 'எனக்கு' என்று தொடங்குகிறது, விளங்குவது தானாக வந்துசேர வேண்டிய ஒன்று போல நிற்கிறது. முதல் நாள் முழுக்க இதை மட்டும் சொல்லிப் பழகுவோம், வெட்கம் போகும்வரை. போன மாதம் ஒரு மாணவி புறக்கோட்டையில் புடைவை வாங்கப் போய் ஒரே கடையில் ஆறு தடவை இதைச் சொன்னாளாம். ஆறாவது தடவை கடைக்காரர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, உட்காருங்க என்று கைகாட்டிவிட்டு, மெதுவாக முதலிலிருந்து தொடங்கினாராம்.